நாங்கள் ராத்திரி தறி ஓட்டுவதில்லை

சித்திரை மாதத்தில் கம்பளி கேட்டவன் நான். சங்கரன்கோவிலில் சித்திரை வெயில் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்கள், இதை வாசித்த உடனேயே உடம்பில் ஏதோ பெரிய கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, என் மனைவி செல்லக்கனிக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது நான் பேச்சுமூச்சில்லாமல் ஒரு வேனில் சேலை மூட்டைகளுக்கு நடுவே கிடந்தேன்.

நான் விசைத்தறி ஓட்டுபவன். பெயர் சங்கரன், இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு சங்கரன் உண்டு. முதலாளி வீட்டுக்குப் பின்னால் ஆறு தறி கொண்ட கொட்டகை. அதில் இரண்டு தறி எங்கள் பொறுப்பு. காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை செல்லக்கனி ஓட்டுவாள், அதன்பிறகு விடியும்வரை நான். கொட்டகையை ஒட்டி ஓர் அறையும் அடுப்படியும் முதலாளி கொடுத்திருந்தார். அந்த இரண்டு தறியும் இரவு பகல் ஓடும்வரை வீடு எங்களுக்கு, நின்றால் காலி செய்ய வேண்டும் என்பது பேச்சு. மகள் கோமதிக்கு நாலு வயது. எந்நேரமும் பிள்ளையோடு ஒரு ஆள் வீட்டில் இருக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு எங்களுக்கும் நல்லதாகத்தான் பட்டது.

கைமாற்றும்போது தறியை நிறுத்தக் கூடாது. ஓடுகிற தறியின் முன்னால் அவள் விலக, நான் போய் நிற்பேன். அந்தச் சத்தத்தில் காது கேட்காது. அதனால் தறிக்காரர்கள் எல்லாருக்கும் உதட்டைப் பார்த்துப் பேசத் தெரியும். "பிள்ளைக்குச் சளி", "ரெண்டாவது தறிப் பாவுல இழை அறுது", "ரசம் இருக்கு" என்று குரலில்லாமல் சொல்லிவிட்டு அவள் போவாள். மூன்று வருஷம் எங்கள் குடித்தனம் பெரும்பாலும் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் நடந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. கரண்ட் தட்டுப்பாடு உள்ள காலம். பகலில் வரும், போகும். ராத்திரியில்தான் சீராக வரும். ஆனால் ராத்திரி தறி ஓட்ட முதலாளிக்கு அனுமதி கிடையாது. ஜன்னல்களில் சாக்கு தொங்கவிட்டு ஓட்டினோம். சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். இருந்தாலும் யார் கேட்டாலும் "நாங்க ராத்திரி தறி ஓட்டுறதில்ல" என்று சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சொல்லிச் சொல்லி அது எங்களுக்கு வாயில் தானாக வருகிற பேச்சாகிவிட்டது. கோமதிகூட வேலிக்கு அந்தப்பக்கம் யாரைப் பார்த்தாலும், கேட்காமலே அதைச் சொல்லும்.

உடம்பு முதலில் கெட்டது முகத்தில். உப்பியது. புருவத்தின் ஓரத்து முடி உதிர்ந்தது. தோல் காய்ந்து செதிலாடியது, குரல் கட்டியது. சாப்பாடு குறையக் குறைய எடை கூடியது. முதலாளி ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏலே சங்கரா, நீ உன் வீட்டுச் சோத்தைத் திங்கியா, என் வீட்டுச் சோத்தைத் திங்கியா? என்னை விட முதலாளி மாதிரி இருக்கியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. எல்லாமே எனக்கு அப்போது தாமதமாகத்தான் நடந்தது.

குளிரும். எல்லோரும் சட்டையைக் கழற்றிப்போட்டுத் தறி ஓட்டும்போது நான் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பேன். களைப்பைச் சொல்லி முடியாது. காலையில் படுத்தால், தூக்கம் என்று சொல்ல முடியாத ஒன்று வரும். கிணற்றுக்குள் கிடப்பதுபோல் இருக்கும், ஆனால் கோமதி பாத்திரத்தை உருட்டுவது கேட்டுக்கொண்டே இருக்கும். எழுந்தால் படுத்தபோது இருந்த களைப்பு அப்படியே இருக்கும். ராத்திரி வேலை செய்கிறவனுக்குக் களைப்பு இல்லாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன். மற்றவர்களும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

செல்லக்கனி பிடுங்கி எடுத்ததால்தான் ஒருநாள் தெருமுனை டாக்டரிடம் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"பத்து மணிக்கு டாக்டர். ஆனா சரியான தூக்கம் இல்ல" என்றேன். வாய் கூசவில்லை. மூன்று வருஷப் பழக்கம்.

பகல் முழுக்க உழைத்து, பத்து மணிக்குப் படுத்து, தூக்கம் வராத ஆள் என்று அவர் என்னை எடுத்துக்கொண்டார். தூக்க மாத்திரை எழுதினார். அவர்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன ஆளுக்கு அவர் வைத்தியம் பார்த்தார். அப்படி ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மாத்திரையை நான் காலை ஏழு மணிக்கு விழுங்கினேன். முதல் இரண்டு நாள் சாயங்காலம் தள்ளாடி எழுந்தேன். மூன்றாம் நாள் போதவில்லை என்று நானாக இரண்டு போட்டேன். அன்று ஆறு மணிக்குச் செல்லக்கனி தறிக்கு முன்னால் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரவில்லை. ஆறேகாலுக்கு அவள், கொட்டகையில் அதுவரை யாரும் செய்யாததைச் செய்தாள். இரண்டு தறியையும் நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா ஜில்லுன்னு இருக்கு" என்றதாம்.

இனி இரண்டு நாள் நடந்ததெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரிந்தது. உலுக்கியும் நான் எழவில்லை. மூச்சு எப்போதோ ஒன்று வந்ததாம். முதலாளி மோசமான மனுஷர் இல்லை. சேலை ஏற்றி நின்ற தன் வேனையே கொடுத்தார். சில மூட்டைகளை இறக்கி என்னைக் கிடத்தினார்கள். கோமதியைச் செல்லக்கனியின் அக்கா, என் மைத்துனி, வந்து கரிவலம்வந்தநல்லூருக்குக் கூட்டிப்போனாள். வண்டி கிளம்பும்போது முதலாளி ஜன்னலில் குனிந்து, "ஏம்மா, ராத்திரி ஓட்டம்னு மட்டும் அங்கன சொல்லிராத, என்ன" என்றாராம். செல்லக்கனி தலையை ஆட்டினாள்.

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். இளம் டாக்டரம்மா ஒருத்தர், "எப்ப படுத்தார்?" என்று கேட்டார். செல்லக்கனி, "நேத்து ராத்திரி பத்து மணிக்கு" என்று சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு மணி நேரமாகக் கிடக்கிறார் என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டு உள்ளே போனார். மாத்திரை பற்றியும் இவள் வாய் திறக்கவில்லை. அதைச் சொன்னால் காலையில் எதற்குத் தூக்க மாத்திரை என்று கேட்பார்களே.

கால் மணி நேரம் வராந்தாவில் நின்றிருக்கிறாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "நான் பொய் சொல்லிட்டேன் டாக்டரம்மா. இவுக ராத்திரி தறி ஓட்டுறவுக. காலையில ஏழு மணிக்கு மாத்திரை போட்டுத்தான் படுத்தாக. ரெண்டு போட்டிருக்காக. வீடு போனா போகுது, இவுகளைக் காப்பாத்துங்க" என்று சொல்லி, மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் இன்னும் அழுவாள். எனக்கு அழுகை வருவதில்லை, வெட்கமாக இருக்கும்.

எனக்கு வந்தது தைராய்டு குறைவு. கழுத்தின் முன்பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது. அது சுரப்பது குறைந்துபோனால் உடம்பு முழுக்க மந்தமாகும். முற்றிப்போனவனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால், அது மூச்சையும் சேர்த்து அமர்த்திவிடும். நான் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, சுரப்பிக்குப் பதிலான மாத்திரையைப் பொடித்துக் கரைத்து உள்ளே இறக்கினார்கள். மூச்சுக்கு வாயில் ஒரு குழாய். செல்லக்கனி என் பாதத்தைத் தொட்டுப்பார்த்துவிட்டு, வெந்நீர்ப் புட்டி வாங்கி வந்து வைக்கப் போயிருக்கிறாள். நர்ஸ் தடுத்துவிட்டார். இந்த நோயில் வெளியிலிருந்து சூடு வைத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடுமாம். கம்பளி மட்டும்தான் போர்த்தலாம். அதன்பிறகு அவள் கம்பளியின் ஓரத்தைச் செருகிச் செருகி விட்டுக்கொண்டே இருந்தாளாம்.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தேன். முதலில் தெரிந்தது அவள் உதடுதான். "முழிச்சிட்டியளா" என்றது. குழாய் இருந்ததால் என்னால் பேச முடியவில்லை. குழாயைச் சுற்றியே உதட்டை அசைத்து, "பிள்ளை?" என்றேன். "அக்கா வீட்ல" என்றாள். குழாயோடு கிடக்கிறவன் பேசுவது இவளுக்கு எப்படிப் புரிகிறது என்று நர்ஸ் அதிசயப்பட்டார். தறிச்சத்தத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

எழுந்து உட்கார முடிந்ததும் டாக்டரம்மா என்னை ஒரு நாற்காலியில் மண்டியிடச் சொன்னார். பின்னங்காலில், குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பில் ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் சடக்கென்று போனது. திரும்பி வரும்போது மெல்ல, மனசில்லாமல் வருவதுபோல் வந்தது. இதுதான் இந்த நோயின் அடையாளமாம். படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தபடி மண்டியிட்டிருந்தேன். எனக்கு முப்பத்துநாலு வயது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அது ஞாபகம் வந்தது. ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாளுக்கு மேலானது. அதற்கு முன்பே அந்தப் பாதம் சொல்லிவிட்டது.

கட்டில் காலடியில் சூடு பார்த்துக் குறிக்கிற அட்டை ஒன்று தொங்கும். ஒருநாள் டாக்டரம்மா என் அட்டையையும் பக்கத்துக் கட்டில்காரரின் அட்டையையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். அவருடைய கோடு சாயங்காலம் ஏறி, விடியற்காலை இறங்கி, மறுபடி ஏறியது. என் கோடு அடியிலேயே, இழுத்துக் கட்டின பாவு நூல் மாதிரி கிடந்தது.

"உங்க உடம்புல கோடிக்கணக்கான செல் இருக்கு, சங்கரன். கண்ணுக்குத் தெரியாத சின்ன அறைகள்னு வச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுலயும் அடுப்பு இருக்கு. சாப்பிடுற சோத்தையும் இழுக்கிற மூச்சையும் வச்சு அதுலதான் சக்தி உண்டாகுது. அடுப்பு எவ்வளவு எரியணும்னு சொல்றது உங்க கழுத்துச் சுரப்பி. அது சொல்லாம விட்டுடுச்சு."

"அப்ப நல்லாத் தூக்கம்லா வரணும்? களைச்சவன் தூங்கத்தானே செய்வான்?"

"மயங்கிக் கிடக்கிறது வேற, தூங்கிறது வேற. தூங்கும்போது உடம்பு சும்மா இருக்கிறதில்ல. பகல்ல தேஞ்சதைச் செப்பம் பண்ணுது. அதுக்கும் சக்தி வேணும். அடுப்பு அணைஞ்ச வீட்ல அந்த வேலை நடக்காது."

பிறகு பக்கத்து அட்டையின் ஏற்ற இறக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். பகல் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளுமாம். விடியற்காலை மூன்று நாலு மணிக்கு அது உடம்பைத் தணித்து வைக்கும், விடிந்ததும் சூடேற்றும். "தணியிற நேரத்துல நீங்க தறி முன்னால நிக்கிறீங்க. ஏறுற நேரத்துல படுக்கிறீங்க. அந்தத் தூக்கம் பாதியில கலையத்தான் செய்யும். ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க?"

"பகல்ல முழிச்சிருப்பேன். பிள்ளையோட விளையாடணும்லா."

"அதான் உங்க கடிகாரம் எந்தப் பக்கமும் நிலைக்கல" என்றார்.

விடியற்காலை மூன்று மணிக்கு மேல் நெய்த துணியில்தான் பழுது அதிகம் என்று எங்கள் முதலாளிக்கு எப்போதோ தெரியும். அந்தத் துணிக்குக் கூலி பிடிப்பார். அதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

ராத்திரி வேலையால்தான் இந்த நோய் வந்ததா என்று கேட்டேன். டாக்டரம்மா இல்லை என்றார். "சுரப்பி கெட்டது தனிக் கதை. ஆனா அதை மறைச்சது உங்க ராத்திரி வேலை. பகல் வேலைக்காரன் இப்படிக் களைச்சா பத்து பேர் கேட்பாங்க. உங்களை யாரும் கேட்கல."

ஆஸ்பத்திரி ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கண் கொட்டக்கொட்ட விழித்திருப்பேன். கட்டிலுக்குக் கீழே செல்லக்கனி சேலைத்தலைப்பை விரித்துத் தூங்குவாள். கோமதி பிறந்து கொஞ்ச நாளிலிருந்து அவள் ராத்திரி தூங்கி நான் பார்த்ததில்லை என்று அங்கேதான் உறைத்தது. சிமெண்டுத் தரையில், கொசுக்கடியில், பினாயில் நாற்றத்தில், வாயைத் திறந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம் தூங்கினாள். ஐந்தரை ஆனால் மட்டும் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்காருவாள். ஓட்டுவதற்குத் தறி இல்லை என்று தெரிய ஒரு நிமிஷம் ஆகும். தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொள்வாள். அதைப் பார்ப்பதற்காகவே நான் ஐந்தரைக்கு விழித்திருந்தேன்.

செலவைப் பற்றி நிறையச் சொல்லலாம். எல்லார் வீட்டிலும் ஒரே கதைதான் என்பதால் விடுகிறேன். மைத்துனி கரிவலத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து கஞ்சியும் துவையலும் கொடுத்துவிட்டு, நின்ற காலோடு திரும்புவாள். ஒருநாள் கோமதியைக் கூட்டி வந்தாள். பிள்ளை கட்டிலில் ஏறி என் கையைத் தொட்டுப் பார்த்து, "இப்ப சூடா இருக்கு" என்றது. அன்றைக்குச் சாயங்காலம் அட்டையில் என் கோடும் கொஞ்சம் ஏறியிருந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கோடு போட்டார்: தினமும் காலை வெறும் வயிற்றில் மாத்திரை, ஆயுசுக்கும். இரவு வேலை கூடாது. "இனிமே நீங்க ராத்திரியிலதான் தூங்கணும். மாத்திரை பாதி, அது பாதி."

அன்று முதலாளி சாத்துக்குடியோடு வந்தார். சீட்டை வாங்கி இரண்டு முறை வாசித்தார்.

"சங்கரா, உன் உடம்பு முக்கியம்தாம்லே. ஆனா பதினெட்டு நாளா ரெண்டு தறியும் நிக்கி. சிவகிரிக்காரன் ஒருத்தன் பொண்டாட்டியோட வாரேங்கான். ரெண்டு பேரும் ஓட்டுவாங்களாம். அவங்களுக்கு வீடு வேணும். நீயே சொல்லு, நான் என்ன செய்ய?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். தாமதமெல்லாம் முழுசாகப் போய்விடவில்லை. கட்டிலுக்கு அந்தப்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த செல்லக்கனி, தலையைத் தூக்காமல், "ராத்திரி நான் ஓட்டுதேன் அண்ணாச்சி. இவுக பகல்ல ஓட்டட்டும்" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலாளி சாத்துக்குடியை என் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. முகம் வடிந்துவிட்டது, புருவம் முளைத்துவிட்டது. காலை ஆறு மணிக்கு அவள் விலக, நான் போய்த் தறிமுன் நிற்கிறேன். அவள் தலையெல்லாம் பஞ்சு இருக்கும். "ரசம் இருக்கு" என்று இப்போது உதட்டால் சொல்வது நான்.

போன மாதம் திருநெல்வேலிக்குக் காட்டப் போனோம். அன்றும் விடியும்வரை தறி ஓட்டிவிட்டுத்தான் செல்லக்கனி என்னோடு பஸ் ஏறினாள். டாக்டரம்மா குதிகாலில் தட்டிப் பார்த்தார். பாதம் போன வேகத்தில் திரும்பி வந்தது. அவருக்குச் சந்தோஷம்.

"தூக்கம்?"

"ஒம்பது மணிக்குப் படுத்தா அஞ்சு மணிக்குத்தான் முழிப்பு, டாக்டரம்மா."

அவர் எனக்குப் பின்னால் நின்ற செல்லக்கனியைப் பார்த்தார். "நீங்க ஏம்மா இப்படி இருக்கீங்க? ராத்திரி தூங்குறீங்களா?"

"தூங்குதேன் டாக்டரம்மா" என்றாள் செல்லக்கனி. "இப்ப எல்லாம் நாங்க ராத்திரி தறி ஓட்டுறதில்ல."

நான் திரும்பினேன். அவள் உதடு சத்தமில்லாமல் என்னைப் பார்த்து அசைந்தது. "சொல்லாதிய."

என்னைக் காப்பாற்ற அன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னவள் அவள். அதே டாக்டரம்மா, அதே ஆஸ்பத்திரி. தள்ளக் கதவுகூட இல்லை, நான் வாயைத் திறந்தால் போதும். வீடு ஞாபகம் வந்தது, கோமதி ஞாபகம் வந்தது. நான் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த உடனே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சங்கரன்கோவில் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் தறிக்குப் போனாள்.

இதை எழுதும்போது மணி ஒன்பதாகப் போகிறது. கோமதி தூங்கிவிட்டாள். சுவருக்கு அந்தப்பக்கம் இரண்டு தறியும் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எனக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வருகிறது. நல்ல தூக்கம்.